வகுப்பறைக்கு வலைப்பூ வேண்டும். அதை மாணவர்கள் எழுத வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் கைப்பேசியும் இணையமும் அளவு மீறிப் போய்விட்டன, அவற்றை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். அதில் உள்ள கவலைகளில் பெரும்பாலானவை எனக்கும் உண்டு. பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் ஒளிரும் திரையோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவள் நான். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், ஒரு தொழில்நுட்பம் யாருடைய தேவைக்காக வகுப்புக்குள் வருகிறது என்று முதலில் கேளுங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் தலையங்கம் எல்லாத் திரைகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் திரை வேறு, உட்கார்ந்து யோசித்து எழுதும் திரை வேறு. இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளாக என் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ, அதாவது பதிவுகளை எழுதி வெளியிடும் ஓர் இணையப் பக்கம், இருக்கிறது. அதை நான் எழுதுவதில்லை, மாணவர்கள் எழுதுகிறார்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. "எங்கள் பள்ளியிலும் இணையவழிக் கற்பித்தல் இருக்கிறது" என்று பலர் சொல்லும்போது உள்ளே போய்ப் பார்த்தால், ஆசிரியர் பாடக்குறிப்பைப் பிடிஎஃப்பாக ஏற்றியிருப்பார். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்திருக்கும். பிள்ளைகள் அதைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அறிவிப்புப் பலகை சுவரிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது அவசர நேரத்தில் உதவும், மறுக்கவில்லை. கற்பித்தலில் அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஒரு கட்டுரை நோட்டுக்கு என்ன நேர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாணவன் எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, பத்துக்கு ஏழு போட்டுத் திருப்பித் தருகிறார். அவன் அந்த ஏழைப் பார்க்கிறான், நோட்டை மூடுகிறான். அந்தக் கட்டுரையை யாரும் எதற்காகவும் படிக்கவில்லை. மதிப்பெண் போடுவதற்காக ஒருவர் பார்வையிட்டார். பள்ளிப் படிப்பு முழுவதும் இப்படியே எழுதிப் பழகிய பிள்ளை, எழுத்து என்பது இன்னொருவருக்கு ஒன்றைத் தெரிவிக்கும் வேலை என்பதை எங்கே, எப்போது தெரிந்துகொள்ளும்?

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். செய்முறைக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, தெரியாத ஒருவர் படித்துச் செய்யும்படி எழுது என்பதுதான் பணி. எதையும் நான்கு வரியில் முடித்துவிடும் மாணவன் ஒருவன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டயரை நெம்பி டியூபை உருவ வேண்டும். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஒழுங்கான, தெளிவான கட்டுரை. தாளில் வந்திருந்தால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அது வலைப்பூவில் வந்தது. எங்களோடு பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு பள்ளியின் மாணவி அதைப் படித்து, தன் சைக்கிளில் செய்தே பார்த்துவிட்டாள். பிறகு பின்னூட்டம் எழுதினாள்: "நீங்கள் சொன்னபடியே ஒட்டினேன். மறுநாள் காலை அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. எதை விட்டுவிட்டேன்?"

அன்று இடைவேளையில் அவன் விளையாடப் போகவில்லை. அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தான். "டயருக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாக்கணும் மிஸ். முள்ளு அங்கயே நின்னிருக்கும். எனக்குக் கை தானா அதைச் செஞ்சிடும், அதான் எழுதத் தோணல" என்றான். உடனே திருத்தியும் எழுதினான்: "டியூபைத் திரும்ப உள்ளே வைக்கும் முன், டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். மெதுவாகத் தடவுங்கள். முள்ளோ கம்பியோ இருந்தால் விரலைக் கிழித்துவிடும்." இன்னொருவர் கேட்ட கேள்விக்காக மற்றொரு வரியும் சேர்ந்தது: "சொல்யூஷன் தடவியதும் ஒட்டிவிடாதீர்கள், அதன் பளபளப்பு மங்கும்வரை பொறுங்கள்."

அந்த "மெதுவாகத் தடவுங்கள்" என்ற வாக்கியத்தை எழுதும்படி நான் சொல்லவில்லை. படிக்கிறவருக்கும் விரல் இருக்கிறது, அது கிழிபடலாம் என்ற நினைப்பு அவனுக்கே வந்துவிட்டது. வாசகரை மனத்தில் வைத்து எழுது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் வராத ஒன்று, முகம் தெரியாத ஒருத்தியின் ஒரு கேள்வியில் வந்தது. வலைப்பூவிடம் நான் எதிர்பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: ஆசிரியரைத் தவிர வேறொரு வாசகர், அவர் கேட்கும் கேள்வி, அதற்காகத் திருத்தி எழுதும் வாய்ப்பு.

இது ஏதோ புதுமோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரான்சு நாட்டில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பள்ளி ஆசிரியர் 1920-களிலேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர் அவர், நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த முடியாது. பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள், அவர்களே அச்சுக் கோத்தார்கள், அச்சிட்ட தாள்களைத் தொலைவிலிருந்த வேறொரு பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும்போது எந்தப் பிள்ளையும் வெட்டியாக ஒரு சொல்லைச் சேர்க்காது. வலைப்பூவைக் குறிக்கும் 'வெப்லாக்' என்ற ஆங்கிலச் சொல் 1997-இல் பிறந்தது. வலைப்பூ நடத்த உதவும் பிளாக்கர் 1999-இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. கருவிகள் புதியவை என்றாலும், வகுப்பறையில் அவை செய்யக்கூடிய வேலைக்கு நூறு வயது.

பின்னூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வகுப்பு வலைப்பூக்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் "அருமை", "சூப்பர்", கைதட்டும் படம் என்று நிரம்பிவிடும். எழுதியவருக்கு ஒரு நிமிட மகிழ்ச்சி, அதற்கு மேல் பயன் இல்லை. எங்கள் வகுப்பில் உள்ள விதி இதுதான்: பதிவிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுத வேண்டும், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்த வரியில் 'அவர்' என்பது தாத்தாவா, மருத்துவரா?" என்று ஒரு பெண் கேட்டாள். எழுதியவன் தன் பத்தியைத் திரும்பப் படித்து, ஐந்து இடத்தில் 'அவர்' வருவதையும் அவை இரண்டு பேரைக் குறிப்பதையும் கண்டுபிடித்தான். இலக்கணப் பாடத்தில் சுட்டுப்பெயரை நடத்தியபோது கொட்டாவி விட்டவன்தான். பின்னூட்டங்கள் எல்லாம் முதலில் என் பார்வைக்கு வரும், நான் அனுமதித்த பிறகே வெளியாகும். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இந்த மட்டுறுத்தல் வசதி இருக்கிறது. அதை இயக்காமல் எந்த ஆசிரியரும் வகுப்பு வலைப்பூவைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மற்றக் கருவிகளையும் இதே அளவுகோலால்தான் பார்க்கிறேன். கஹூட் போன்ற வினாடிவினாத் தளங்கள் பாடம் முடிந்தபின் கொஞ்ச நேரம் கலகலப்புக்கு நல்லவை. ஆனால் வேகமாக விரலைத் தட்டுகிறவருக்குக் கூடுதல் புள்ளி கிடைப்பதால், நிதானமாக யோசிக்கும் பிள்ளை பின்தங்குகிறது. கணித வடிவங்களைத் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலிருந்து நகராததைப் பிள்ளை தன் கையாலேயே காண்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' தளத்தின் அறிவியல் மாதிரிகளும் அப்படித்தான். எங்கள் கணித, அறிவியல் ஆசிரியர்கள் இவற்றைக் காட்டிய பிறகு, "என்ன செய்தாய், என்ன மாறியது, எது மாறவில்லை" என்று மாணவர்கள் வலைப்பூவில் எழுதுகிறார்கள். தமிழ் வகுப்புக்கும் கணித வகுப்புக்கும் இடையே இருந்த சுவர் அந்த இடத்தில் கொஞ்சம் இடிந்திருக்கிறது.

விக்கிப்பீடியா என்றாலே "அதைப் பார்த்து எழுதாதே" என்பதோடு பல ஆசிரியர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். 2001-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் 2003 முதல் தமிழிலும் இருக்கிறது. அதில் கட்டுரையைவிட எனக்குப் பயன்படுவது அதன் பின்னால் உள்ள வரலாற்றுப் பக்கமும் உரையாடல் பக்கமும்தான். ஒரு கட்டுரையின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்து, யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், யார் மறுத்தார்கள் என்று மாணவர்கள் பார்க்கிறார்கள். அச்சில் வந்துவிட்டால் உண்மை என்று நம்பிய பிள்ளைகளுக்கு, அறிவு என்பது பலர் கூடி வாதிட்டுத் திருத்திக்கொண்டே இருப்பது என்று அங்கே புரிகிறது. "சான்று தேவை" என்று ஆதாரமில்லாத வரிகளுக்குப் பக்கத்தில் விக்கிப்பீடியாவில் இடப்படும் அந்தச் சின்னக் குறி இப்போது என் வகுப்பின் பேச்சுவழக்கிலேயே சேர்ந்துவிட்டது. "பழங்காலம் தொட்டே", "அனைவரும் அறிவர்" என்று யாராவது கட்டுரையைத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் பென்சிலால் "சான்று தேவை" என்று எழுதிவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வீட்டில் எழுதும் கட்டுரைக்கே பொருள் இல்லை என்று தலையங்கம் வருத்தப்பட்டது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இந்தப் பிரச்சினை எங்கள் எல்லோருக்கும் உண்டு. என் அனுபவத்தில், கட்டுரையை வாங்கி மதிப்பெண் போடுவதோடு முடிகிற இடத்தில்தான் அந்தக் குறுக்கு வழி பலிக்கிறது. எழுதியதற்குப் பிறகு கேள்விகள் வரும், அவற்றுக்கு எழுதியவரே பதில் சொல்ல வேண்டும் என்றால் நிலைமை மாறிவிடுகிறது. டியூபில் குமிழி எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டால், செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கூகுள் டாக்ஸில் எழுதும்போது ஒரு பத்தி எப்படி வளர்ந்தது என்பதைப் பதிப்பு வரலாற்றில் காணலாம். பிள்ளைகளைப் பிடிப்பதற்காக அதை நான் திறப்பதில்லை. ஒரு வாக்கியம் எத்தனை தடவை உருமாறி நல்ல வாக்கியமாயிற்று என்று வகுப்புக்குக் காட்டுவதற்காகத் திறக்கிறேன். நன்றாக எழுதுகிறவர்களுக்கு ஒரே மூச்சில் வந்துவிடும் என்ற மூடநம்பிக்கை அதைக் கண்ட அன்றே போய்விடும்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் வலைப்பூவில் எந்தப் பிள்ளையின் முழுப்பெயரும் இல்லை, முகம் தெரியும் படம் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. அவரவர் தேர்ந்துகொண்ட புனைபெயரில் எழுதுகிறார்கள், யார் எவர் என்பது வகுப்புக்குத் தெரியும். தேடுபொறிகளில் அகப்படாதபடி அமைப்பை மாற்றி வைத்திருக்கிறோம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு பதிவும் ஏறாது. பெரும்பாலான தளங்கள் கணக்குத் தொடங்க 13 வயது கேட்பதற்கு வேர், குழந்தைகளின் இணைய விவரங்களைக் காக்க அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள விதி, பெற்றோர் ஒப்புதல் வேண்டாத வயதை 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே சிறிய வகுப்புகளில் பிள்ளைகளைப் பொய் வயது சொல்லிக் கணக்குத் திறக்க வைப்பது கூடவே கூடாது. ஆசிரியரின் கணக்கில், ஆசிரியரே ஏற்றினால் போதும்.

எல்லார் வீட்டிலும் இணையம் இல்லையே என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமானது. உலகில் 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 130 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கினருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை என்று யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-இல் கணக்கிட்டுச் சொன்னன. அதனால் இணையம் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற எந்த வீட்டுப்பாடத்தையும் நான் தருவதில்லை. முதல் வடிவம் எப்போதும் தாளில்தான். பள்ளிக் கணினியில் முறை வைத்துத் தட்டச்சு செய்கிறார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு கணினி இருந்தாலும் வலைப்பூ நடத்தலாம். வெறும் எழுத்தாலான பக்கம் பழைய கைப்பேசியிலும் மெதுவான இணைப்பிலும் திறக்கும், காணொளி திறக்காது. ஏழைப் பிள்ளைக்கு எட்டக்கூடிய வலைக்கருவி எழுத்துதான் என்பதால்தான் அதற்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

தட்டச்சு பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைப்பதைவிட, 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். உயிர் ஒரு கைக்கு, மெய் மறு கைக்கு. தமிழைத் தமிழாகவே நினைத்து அடிக்கலாம்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலவசக் கருவிகள் எந்த நாளும் மூடப்படலாம். இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் போயிற்று, வலைப்பூக்களைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் போயிற்று. எத்தனையோ வகுப்புகள் நம்பியிருந்த ஜாம்போர்டு என்ற கூகுளின் இணைய வெண்பலகை 2024 இறுதியோடு நின்றது. ஒவ்வொரு பருவ முடிவிலும் எல்லாப் பதிவுகளையும் இறக்கிப் பள்ளிக் கணினியில் சேமித்துவிட வேண்டும். நாங்கள் அவற்றை அச்செடுத்துத் தைத்து நூலகத்திலும் வைக்கிறோம்.

இனி, இதையெல்லாம் செய்ய எது தடையாக இருக்கிறது என்பதற்கு வருகிறேன். கருவி கிடைக்காமல் இல்லை, நேரம்தான் கிடைக்கவில்லை. நாற்பது பேர் எழுதியதைப் படித்து, பின்னூட்டங்களை அனுமதித்து, திருத்திய வடிவத்தையும் படிக்க ஆசிரியருக்குக் கால அட்டவணையில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. மேலிடத்திலிருந்து வரும் கேள்வியோ, இந்த மாதம் எத்தனை பதிவு ஏற்றினீர்கள் என்பது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். பிள்ளைகள் பாடநூலைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றுவார்கள், அறிக்கை நிறைந்துவிடும். முதல் வடிவத்துக்கும் இரண்டாவது வடிவத்துக்கும் இடையே என்ன மாறியது என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வாரத்துக்கு ஒரு பாடவேளையையாவது ஒதுக்கட்டும். பயிற்சி முகாம்களிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நிறுத்தாமல், ஒரு மாணவரின் பதிவைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன கேள்வி கேட்பீர்கள் என்று ஆசிரியர்களை உட்காரவைத்து எழுதச் சொல்ல வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களுக்காக நாளிதழ்கள் வெளியிடும் பகுதிகளில் பெரும்பாலும் மெருகேறிய கவிதையும் பரிசு பெற்ற கட்டுரையும்தான் வருகின்றன. ஒரு முறையாவது ஒரு மாணவரின் முதல் வடிவத்தையும், அதைப் படித்தவர்கள் கேட்ட கேள்விகளையும், திருத்தி எழுதியதையும் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். "இதை யார் சொன்னது, எத்தனை மணிக்கு நடந்தது, பெயர் சரியா" என்று செய்தியாளரின் பிரதியைப் பார்த்துத் தங்கள் உதவி ஆசிரியர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள் அல்லவா? அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அவர்களில் ஒருவர் மாணவர்களுக்காக எழுதினால், நான் வகுப்பில் அதை அப்படியே பாடமாக வைப்பேன். மாணவர் பகுதிக்குப் பொறுப்பானவர் சம்மதித்தால், பஞ்சர் கட்டுரையின் இரண்டு வடிவங்களையும் இடையில் வந்த பின்னூட்டங்களையும், சம்பந்தப்பட்ட பெற்றோரின் ஒப்புதலோடு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு தமிழாசிரியை